சப்பாத்திக் கட்டையும் சுவர்க் கடிகாரமும்

என் மாமனார் என்னோடு பேச ஆரம்பித்தது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து. பேச ஆரம்பித்து ஒரு வருஷம்கூட முடியவில்லை, அவருடைய கடிகாரத்தை நான் உடைத்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்களுடையது காதல் கல்யாணம். நான் தெற்கத்திக்காரன், கடலோரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் கருவிப் பிரிவில் டெக்னீஷியன். மனைவி ஊரப்பாக்கத்தில் பள்ளிக்கூட டீச்சர். அவளுடைய அப்பா கடப்பாக்கம் பக்கத்துக் காலனிக்காரர். பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு நட்டு, அறுத்து, பிறகு முட்டி மோதி தாலுகா ஆபீஸில் அட்டெண்டர் ஆனவர். என் சொந்தக்காரர்கள் தன் பெண்ணை என்றைக்காவது வாசலோடு நிறுத்திவைப்பார்கள் என்று அவருக்குச் சந்தேகம். சந்தேகம் நியாயமானதுதான். என் பெரியப்பா ஒருவரே அதற்குப் போதும். அதனால் சர்ச்சில் நடந்த கல்யாணத்துக்கு அவர் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடுவாஞ்சேரியில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டு வாசலில் வேட்டியில் சுற்றிய மூட்டையோடு வந்து நின்றார். "ஆணி எங்க அடிக்கலாம்?" என்றார். அதுதான் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

மூட்டைக்குள் இருந்தது சாவி கொடுக்கும் ஊசல் கடிகாரம். அட்டெண்டர் வேலையின் முதல் சம்பளத்தில் வாங்கியது. அதற்கு முன்னால் அந்தக் காலனியில் எந்த வீட்டிலும் கடிகாரம் கிடையாது. பண்ணை வீட்டுக் கூடத்தில் மட்டும் இருந்தது. ஆறு மணிக்கு வேலை விட வேண்டும் என்பது பேச்சு. ஆறு எப்போது ஆகும் என்பது பண்ணையாரின் இஷ்டம். பொழுது சாய்ந்து, கையில் இருக்கும் கதிரே தெரியாமல் போன பிறகும் உள்ளேயிருந்து "இன்னும் மணி ஆவல" என்று குரல் வருமாம். அதனால் மாமனார் வாங்கிய முதல் சொத்து சைக்கிளும் இல்லை, ரேடியோவும் இல்லை. அந்தக் கடிகாரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்பதற்காக, ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஊசல் குண்டை ஏற்றி இறக்கும் மரையை ஈயம் வைத்து அடைத்திருந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் அந்த ஈயப்பொட்டு பளிச்சென்று தெரியும்.

அது ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் பிந்தியது. ஒரே ஒரு நிமிடம். வேறு எந்த மருமகனாக இருந்தாலும் சும்மா விட்டிருப்பான். நான் கருவிப் பிரிவு. உள்ளே அழுக்கு இருக்கும், துடைத்து எண்ணெய் போடலாம் என்று ஒரு சனிக்கிழமை கழற்றினேன். முறுக்கியிருந்த ஸ்பிரிங்கைத் தளர்த்தாமல் தகட்டைத் திறக்கக் கூடாது என்று ஆபீஸில் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவனே நான்தான். தளர்த்தாமல் திறந்தேன். ஸ்பிரிங் சீறிக்கொண்டு பிரிந்ததில், நிமிட முள்ளைத் தாங்கும் பித்தளைச் சக்கரத்தின் பற்களில் பாதி காணாமல் போனது. இரண்டைச் சாம்பார் பாத்திரத்தில் கண்டெடுத்தோம்.

செங்கல்பட்டில் வாட்ச் ரிப்பேர் செய்பவர் அந்தச் சக்கரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இந்த வீலு இனிமே கெடைக்காது சார். உள்ள பேட்டரி மிஷின் போட்டுத் தரேன், ஊசலு சும்மா ஆடும்" என்றார். சும்மா ஆடும் ஊசலை மாமனாரிடம் காட்டுவதற்கு நான் ஊரை விட்டே ஓடிவிடலாம். ஆபீஸில் வைத்துச் செய்யலாம் என்றால், வாசலில் காவல்காரர்கள் சாப்பாட்டு கேரியரையே அடுக்கு அடுக்காகத் திறந்து பார்ப்பவர்கள். அவர்களிடம் கடிகாரத்தின் உள்பாகங்களைக் காட்டி இது குண்டு இல்லை என்று நிரூபிக்கிற தைரியம் எனக்கு இல்லை.

என்னிடம் சொந்தமாக ஒரு சின்ன லேத், அதாவது கடைசல் மிஷின், இருந்தது. மேஜை மேல் வைக்கிற சைஸ். பழைய இரும்புக் கடையில் வாங்கி போர்ட்டிகோவில் ஸ்கூட்டர் நிற்க வேண்டிய இடத்தில் வைத்திருந்தேன். ஸ்கூட்டர் தெருவில் பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு நின்றது. எங்கள் தெருவில் இருந்த பெண்கள் லேத்தை மிக்ஸி பிளேடு தீட்டும் மிஷின் என்றே நம்பினார்கள். லேத்தில் உருண்டையாகக் கடைந்துவிடலாம், ஆனால் வட்டத்தைச் சமமாகப் பங்கு போட்டுப் பல் வெட்ட அதற்குத் தனிக் கருவி வேண்டும். கடையில் கிடைக்கும் கருவி என் லேத்தை விடப் பெரியது. ஆகவே நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

யோசனை எளிமையானது. லேத்தின் சுழலும் அச்சுக்குப் பின்முனையில் ஒரு மரவட்டத்தை மாட்ட வேண்டும். வட்டத்தின் விளிம்பில் சம தூரத்தில் அறுபது துளைகள். முன்முனையில் பித்தளைத் தகடு. ஒரு துளையில் முளையைச் செருகி வட்டத்தை அசையாமல் நிறுத்தி, முன்னால் ஒரு பல்லை வெட்டி, அடுத்த துளைக்கு நகர்த்தி, அடுத்த பல்லை வெட்டுவது. அறுபது துளை, அறுபது பல். உடைந்த சக்கரத்தில் மிச்சமிருந்த பற்களை வைத்து நான் போட்ட கணக்கு அது.

மரவட்டத்துக்கு மனைவியின் சப்பாத்திக் கட்டையை எடுத்து மூன்று காலையும் அறுத்தேன்.

"இன்னாங்க பண்றீங்க?" என்றாள்.

"உங்க அப்பா கடிகாரத்துக்குத்தான்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சப்பாத்தி, கவிழ்த்த எவர்சில்வர் தட்டின் மேல் உருவாகி, எவ்வளவு தேய்த்தாலும் தட்டின் வடிவத்துக்கே போனது.

கால் அறுத்த மறுநாள், சொல்லாமல் கொள்ளாமல் மாமனார் வந்து இறங்கினார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கடிகாரம் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது.

"எங்க மாப்ள அது?"

"சர்வீஸுக்குக் குடுத்திருக்கு மாமா. மெட்ராஸ்ல."

"அது நல்லாத்தான ஓடிக்கினு இருந்துது?"

"அதான், நல்லா ஓடும்போதே குடுத்துட்டா நல்லதுன்னு."

இதை அவர் மெச்சினார். முன்யோசனை உள்ள மாப்பிள்ளை என்று பெண்ணிடம் சொன்னதாகக் கேள்வி. பிறகு ஒரு நாற்காலியைப் போர்ட்டிகோவில் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னா செய்றீங்க?"

"ஆபீஸ் வேலை மாமா."

"நானு எதுனா செய்யட்டா?"

அவர் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தால் அடியில் இருக்கும் பெட்டியில் கால் இடிக்கும். அவரைப் போர்ட்டிகோவிலேயே வைத்திருப்பது எனக்கு அவசியமாக இருந்தது. மனைவியின் பள்ளிக்கூட சார்ட் பேப்பரில் நீளமாக ஒரு பட்டை வெட்டினேன். கவராயத்தை ஒரு சென்டிமீட்டருக்கு வைத்து இறுக்கி அவர் கையில் கொடுத்தேன். அதை ஊன்றி ஊன்றி நடத்திக்கொண்டு போனால் போதும். "அறுபது கட்டம் வேணும் மாமா. முடியிற இடத்துல வெட்டிருங்க" என்றேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பட்டையை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "லாபம்" என்று ஆரம்பித்தார். நெல் அளக்கிறவர்கள் முதல் அளவைக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். சார்ட் பேப்பரை நெல்லைப் போல அளக்கிறாரே என்று சிரித்துக்கொண்டே டீ எடுத்துவர உள்ளே போனேன். அந்தச் சிரிப்புக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பட்டை வந்ததும், அதன் இரண்டு முனையும் இடைவெளியில்லாமல் சேரும்வரை சப்பாத்திக் கட்டையை ராவினேன். பட்டைக்கு ஏற்ற கட்டை; கட்டையைத் தனியாக அளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஒட்டி, கோட்டுக்குக் கோடு துளை போட்டேன். சைக்கிள் கம்பியில் முளை, பழைய ஹேக்ஸா பிளேடில் அதை அழுத்தும் வில். மாமனார் கடப்பாக்கம் திரும்பிய வாரம், பழைய பாத்திரக் கடைத் தாம்பாளத்தில் வெட்டிய பித்தளைத் தகட்டில் பல் வெட்ட ஆரம்பித்தேன். மோட்டாரை நிறுத்திவிட்டு, வெட்டும் உளியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி, ஒவ்வொரு பல்லாக. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. சக்கரம் பொருந்தியது. கொஞ்சம் முனகியது, ஆனால் ஓடியது. கடிகாரத்தைச் சுவரில் மாட்டி ஊசலை ஆட்டிவிட்டபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மனைவி புதுச் சப்பாத்திக் கட்டை எப்போது என்று கேட்டாள்.

மறுநாள் அதே நேரத்துக்குப் பார்த்தால் கடிகாரம் இருபத்து நான்கு நிமிடம் பின்னால் நின்றது. கழற்றி எண்ணினேன். அறுபத்தொரு பல். சப்பாத்திக் கட்டையை எண்ணினேன். அறுபத்தொரு துளை. நான் செய்து முடித்திருந்தது, மணிக்கு அறுபத்தொரு நிமிடம் உள்ள கடிகாரம். ஊசல் குண்டை ஒரு விரற்கடைக்கும் குறைவாக ஏற்றினால் சரியாகிவிடும். ஆனால் அதற்கு அந்த ஈயப்பொட்டை உடைக்க வேண்டும், உடைத்தால் கண்ணாடி வழியாகத் தெரியும். வேறு சக்கரம் வெட்டலாம் என்று தாம்பாளத்தை வெளியே எடுத்த அன்று மாமனார் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

வரவழைத்ததும் நாங்கள்தான். "உங்க அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல, அறுபது எண்ணத் தெரியல" என்று மனைவியிடம் நான் சொல்லப்போக, அவள் பதறி அவரைச் செங்கல்பட்டில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினாள். பார்த்தால் நிஜமாகவே இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் முடியும்வரை எங்கள் வீட்டில்தான் என்று ஆனது.

அவர் கடிகாரத்துக்கு எதிரில் நாற்காலி போட்டார். விடிவதற்கு முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அங்கேதான். ஆறரை மணிக்கு ஸ்டேஷன் பக்கம் டீ குடிக்கப் போவார், அரைமணி. சக்கரத்தை மாற்ற எனக்கு அரைநாள் வேண்டும். ஆகவே ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் ஏறி, முள்ளை இருபத்து நான்கு நிமிடம் முன்னால் தள்ளுவேன். காலை ஏழு மணிக்கு அது பன்னிரண்டு நிமிடம் பின்தங்கியிருக்கும். அவரோ ரேடியோவில் செய்தி ஆரம்பித்தால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு எப்பவும் அவசரக்காரன்" என்பார். தினமும் செய்தி வாசிக்கும் அந்த மனிதர் மேல் எனக்கு இரக்கமே வந்துவிட்டது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். காலை எட்டு மணிக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மாமனார் தனியாக ரயிலில் போய்விடுவதாகவும், மனைவி முதல் பீரியட் முடித்துவிட்டு வரலாம் என்றும் ஏற்பாடு. முந்தின நாள் ஆபீஸில் அவசர வேலை. நான் வீடு வந்தபோது அவர் டீ குடித்துத் திரும்பிவிட்டார். முள்ளைத் தள்ள முடியவில்லை. காலையில் கடிகாரம் முப்பத்தாறு நிமிடம் பின்னால். நான் ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். நடந்தது மனைவி சொல்லித்தான் தெரியும்.

"அப்பா, கெளம்பு. நேரமாயிடுச்சி."

"இன்னும் எவ்ளோ நேரம் கீது, பாரு."

"அத்தப் பாக்காதப்பா. என் வாட்ச்ல பாரு."

"ஒன் வாட்சு பொம்ம. செவுத்துல கீறது இன்னா, பொய் சொல்லுமா?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். என் மானம் அவள் நாக்கில் இருந்தது. ரயில் போய்விட்டது. மறுபடி நாள் குறிக்க ஒரு மாசம் ஆகும் என்றார்கள்.

சாயங்காலம் அவள் சமையலறையில் என்னிடம் கத்தவில்லை, அது இன்னும் மோசம். "நீங்க நல்லவருன்னு காட்டிக்கறதுக்கு, எங்க அப்பா கண்ண வெச்சி வெளையாடிக்கினு கீறோம்" என்றாள். எனக்கு அப்படியே கூசிப்போனது.

கூடத்தில் மாமனார் தெம்பாக இருந்தார். பேப்பரும் பேனாவும் எடுத்துவைத்திருந்தார். "மாப்ள, ஒரு மனு எழுதணும். எனுக்கு எழுத்து தெரில, நீங்க எழுதுங்க. ரயில்காரனுக்கு." தாலுகா ஆபீஸில் ஆயிரம் மனு பார்த்தவர். மடமடவென்று சொன்னார், நான் எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ரயில் இன்று காலை கூடுவாஞ்சேரி நிலையத்துக்குக் குறித்த நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே வந்து, யாருக்கும் சொல்லாமல் புறப்பட்டுச் சென்றுவிட்டபடியால், பார்வைக் குறைவுள்ள முதியவனாகிய நான்... என் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. உலகத்தில் ரயில் சீக்கிரம் வந்ததற்காக எழுதப்பட்ட ஒரே மனு அதுவாகத்தான் இருக்கும்.

"கடசீல இத்த சேத்துக்குங்க" என்றார். "இதற்கு எங்கள் வீட்டுக் கடிகாரமே சாட்சி."

பேனாவை வைத்துவிட்டேன். "மாமா, கடிகாரம் மெட்ராஸ் போகல" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பிரிங், சாம்பார், கட்டிலடி, ஸ்டூல், முள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலை விட, கண்ணை விட, இவர் மறுபடியும் என்னோடு பேசாமல் போய்விடுவாரோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. பயத்தில், "தப்பு ஒங்க மேல இல்ல மாமா, கண்ணு தெரியாம ஒண்ணு கூட எண்ணிட்டீங்க" என்று உளறினேன்.

"அந்தக் கட்டய எடுத்துக்கினு வாங்க."

சப்பாத்திக் கட்டையை எடுத்துவந்தேன். விளிம்பை விரலால் தடவினார். எண்ணவில்லை. "அறுவத்தொண்ணு. தெரியும். நான்தான வெச்சேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"களத்துல கூலி அளக்கறவன் மொத மரக்காவுக்கு லாபம்னு சொல்லுவான். சொல்லிட்டு அத்த அவன் பக்கமா தள்ளிக்குவான். எங்க பக்கம் ரெண்டுலேந்து விழும். பத்து மரக்கா கூலின்னா ஒம்போதுதான் வூட்டுக்கு வரும். எங்கப்பனுக்கும் அப்டிதான், எனுக்கும் அப்டிதான். அதுனால எங்க ஆளுங்களுக்கு நான் எத்த எண்ணனாலும், மொதல்ல லாபம்னு ஒண்ண போட்டுட்டு, அப்பறந்தான் ஒண்ணு, ரெண்டுன்னு ஆரம்பிப்பேன். முட்டயாவட்டும், மாங்காயாவட்டும்." கட்டையை என் மடியில் வைத்தார். "ஒங்களுக்குன்னு எண்ணனது மாப்ள. கொறச்சா எண்ணுவேன்?"

என் மனைவி சமையலறை வாசலில் நின்று அழுதாள். நானும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, ஈயத்தை உருக்கிவிட்டுக் குண்டை ஏற்றித் தருகிறேன், ஐந்து நிமிட வேலை என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மணிக்கு எத்தனை நிமிடம் கூட என்று கேட்டார். ஒன்று என்றேன். ஒரு நாளைக்கு? இருபத்து நான்கு. மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "இருந்துட்டுப் போவட்டும். ரயிலுக்கு மட்டும் எனுக்கு ஒரு வாட்ச் வாங்கிக் குடுத்துடு" என்றார். இரண்டு வருஷம் பேசாதவர், ஒரு வருஷமாக நீங்க என்றவர், அன்றைக்குத்தான் என்னை ஒருமையில் பேசினார். மனுவைக் கிழித்துப்போடச் சொன்னார், ரயில்காரன் மேல் தப்பில்லை என்று.

அடுத்த மாதம் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. புதுக் கண்ணோடு அவர் செய்த முதல் வேலை, சப்பாத்திக் கட்டையின் துளைகளை எண்ணிச் சரிபார்த்தது. அப்புறம் கடிகாரப் பொறுப்பு அவருடையதாகிவிட்டது. தினமும் காலை ஆறு மணிக்கு ரேடியோவைக் கேட்டு அவரே முள்ளைச் சரியாக வைப்பார். சாயங்காலத்துக்குள் அது பின்தங்கிப் பன்னிரண்டு நிமிடம் சேர்த்து வைத்திருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு டிவியில் ஆறு மணி நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது. சர்ச்சுக்குக் கிளம்ப வேண்டும். மனைவி புடவை கட்டிக்கொண்டு வந்து, "ஆறாயிடுச்சிப்பா, எழுந்திரு" என்றாள். மாமனார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி ஸ்டூலின் மேல் போட்டுக்கொண்டார். சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னும் மணி ஆவல" என்றார்.